ஒரே பெயரில் இரண்டு வாசனை

மூன்றாம் பாடம் முடிந்து ஆசிரியர் அறைக்குள் நுழைந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவர் நசீமாக்காவின் மகன். “டீச்சர், உம்மா விடியக்காலையில மௌத்தாகிட்டாங்க” என்றார். வட்டகொடையிலிருந்து நான் ஹட்டனுக்குப் போய்ச் சேர்வதற்குள் அடக்கம் முடிந்திருந்தது.

ஹட்டன் கடைவீதியில் அத்தர் வாங்கியவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. உங்களில் பலருக்குத் தெரியாத ஒன்றை, மகனின் சம்மதத்தோடு இங்கே சொல்கிறேன். கடைசி மூன்று வருடங்களாக நசீமாக்காவுக்கு வாசனையே தெரியாது.

எனக்கும் தற்செயலாகத்தான் தெரியவந்தது. மல்லிகை அத்தர் கேட்டேன், சந்தனம் தந்துவிட்டார். திருப்பிக் கொண்டுபோனதும் அவர் முகம் வெளுத்துப்போனது. கடைக்குள்ளே அழைத்து உட்காரவைத்தார்.

“காய்ச்சல் வந்துச்சு டீச்சர். போகும்போது மூக்கையும் கொண்டு போயிருச்சு. வெளிய தெரிஞ்சா எங்கிட்ட யாரு வாங்குவாங்க?”

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் புதுச் சரக்கை முகர்ந்து சொல்வது என் வேலையானது.

அவர் கடையில் அதிகம் கேட்கப்பட்டது ‘கருஞ்சாம்பிராணி’ என்ற சென்ட். ஒருவர் பூசிக்கொண்டு பஸ்ஸில் ஏறினால் கடைசி இருக்கை வரை தெரியும், அப்படி ஒரு முரட்டு வாசனை. ஒரு சனிக்கிழமை கம்பெனி ஆள் அதன் புதுத் தயாரிப்பைக் கொண்டுவந்தார். அதே பெயர், அதே கறுப்புப் புட்டி. “ஒரு மாற்றமும் இல்ல” என்றார். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மூடியைத் திறந்து ஒரு தரம் முகர்ந்துவிட்டு, “அதே மாதிரிதான் இருக்கு” என்றேன்.

நசீமாக்கா என்னையே பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு, அந்த ஆளுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: “அவரு விக்க வந்தவரு, அப்படித்தான் சொல்லுவாரு. நீங்க என் மூக்கு டீச்சர்.”

பஸ்ஸை விட்டுவிட்டேன். இடது மணிக்கட்டில் பழையதையும் வலது மணிக்கட்டில் புதியதையும் பூசிக்கொண்டு உட்கார்ந்தேன். பழையது முதலில் இடித்த மிளகைப் போல மூக்கில் ஏறியது. பிறகு தணலில் போட்ட சாம்பிராணி. அரைமணி கழித்தும் கரிந்த மரத்தைப் போல நின்றது. புதியதில் எலுமிச்சைத் தோல் முந்திக்கொண்டது. புகை இருந்தது, ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து வருவதைப் போல. முடிவில் கேக் வாசனையில் இனிப்பு.

கேட்டுக்கொண்டிருந்த நசீமாக்கா, “கெட்டது இல்ல. ஆனா இது வேற ஆளு” என்றார்.

இரண்டையும் தனித்தனித் தட்டில் வைத்தார். வாங்க வந்த ஒவ்வொருவரிடமும் வித்தியாசத்தைச் சொன்னார். கம்பெனி ஆளுக்குக் கோபம். சரக்கை நிறுத்திவிடுவேன் என்றார். “நிறுத்துங்க, நான் சொல்லுறத நிறுத்த மாட்டேன்” என்றார் நசீமாக்கா. சில மாதங்கள் சரக்கு வரவில்லை. ஆட்கள் அவர் கடையில்தான் கேட்டார்கள் என்பதால் பிறகு தானாக வந்தது.

எனக்கோ புதியதன் மேல் எரிச்சல். அதை விற்கவே வேண்டாம் என்றுகூடச் சொன்னேன். ஒருநாள் நோட்டன் பிரிட்ஜுக்கு லொறி ஓட்டும் ஒருவர் வந்தார். “பழசு போட்டா வீட்டுக்காரிக்கு இழுப்பு வந்துருதுங்க. இதுன்னா பக்கத்துல உக்காந்து பேசுறா” என்று புதியதை வாங்கிப் போனார். அவர் போனதும் நசீமாக்கா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். கண்ணை மூடிக்கொண்டே, “இங்க என்ன வாசம் டீச்சர்?” என்று கேட்டார். பினாயில், மழையில் நனைந்த சுவெட்டர்கள், பக்கத்துக் கட்டிலில் யாரோ உரித்த தோடம்பழம் என்று சொன்னேன். “அவ்வளவுதானா?” என்றார். குனிந்து, நிதானமாக முகர்ந்து, “உங்க தலையில தேங்காய் எண்ணெய்” என்றேன். “மகதான் வச்சுவிட்டா” என்றார். அந்த முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது ‘இங்க என்ன வாசம்’ என்ற அந்தக் கேள்வியைத்தான். எந்த இடத்துக்குள் நுழைந்தாலும், அங்கே இல்லாத ஒருவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று ஒரு நிமிடம் நின்றுவிடுகிறேன்.