கேழ்வரகு வயலில் கேமரா

நான் டூரிங் டாக்கீஸில் படம் ஓட்டியவன். நாலாம் வகுப்புதான் படிப்பு. ஆட்களிடம் பேசக் கூச்சம். முதலாளியின் பழைய சினிமா கேமராவை இரவல் வாங்கி, மனைவியோடு மோட்டார் சைக்கிளில் சேலத்திலிருந்து மைசூருக்குக் கிளம்பினேன். வழியில் கூடாரமடித்துத் தங்கிப் படமெடுப்பது எங்கள் ஆசை. கையில் இருந்தது ஒரே சுருள். ஏற்காட்டில் அவள் வண்டி ஓட்டிப் பழகியதைக்கூட அதில்தான் எடுத்திருந்தேன்.

கிருஷ்ணகிரி தாண்டி, தென்பெண்ணை ஓரத்துக் கேழ்வரகு வயலில், யாரையும் கேட்காமல் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவில் கண்ணை வைத்தேன். அரிவாளோடு ஓர் அம்மாள் ஓடி வந்தார். பின்னால் ஏழெட்டுப் பேர்.

“எவன்டா நீ? அணை கட்ட அளக்க வந்தியா?”

மனைவிதான் சொன்னாள்: “ஊர் சுத்திப் பாக்க வந்தோம்க்கா. படம் புடிக்கிறோம்.”

“முன்ன வந்தவனும் இதே மூணு காலுதான் வெச்சான். சும்மா பாக்கறேன்னான். மறுநா என் நெலத்துல கல்லு நட்டான். நீ பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தா நம்பிருவமா?”

ஒருவர் என் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் கேமராவை உடைக்கக் கையை ஓங்கினார். மனைவி சட்டென்று கேமராவை எடுத்துத் திறந்து, சுருளை வெயிலில் உருவிக் காட்டினாள். “பாருங்க, இதுல அளவு ஏதாச்சும் இருக்கா?” வெளிச்சம் பட்டால் எடுத்ததெல்லாம் அழிந்துவிடும் என்பது அவளுக்கும் தெரியும்.

“இருட்டறதுக்குள்ள எங்க ஊர் எல்லையத் தாண்டிடுங்க” என்றார் அந்த அம்மாள். நம்பிய முகமாகத் தெரியவில்லை.

வழியெல்லாம் நான் அவர்களைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன். ஓசூர் நெருங்கும்போது மனைவி பின்னாலிருந்து, “கதிர் முத்திடுச்சு, பாத்தீங்களா? அணை கட்றவங்க அறுக்க உடுவாங்களோ என்னமோ” என்றாள். அதற்குமேல் எனக்குத் திட்ட வரவில்லை.

கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனாலும் எந்த வயலோரம் வண்டியை நிறுத்தினாலும், முதலில் அங்கிருப்பவர்களிடம் போய்ப் பேசிவிடுகிறேன்.