பறித்த பாலைப்பழம்

தேங்காயெண்ணெய் தொட்ட ஒரு விரல் என் உதட்டின்மேல் ஓடியதுதான் அண்ணியைப் பற்றிய என் முதல் நினைவு. எனக்கு அப்போது எட்டு வயது. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில், காட்டை ஒட்டிய ஊரிலிருந்து எங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு தஞ்சாவூருக்கு வந்தவர். முதல் கோடையில் தாய்வீடு போய்விட்டு ஓலைக்கூடை நிறையப் பாலைப்பழத்தோடு திரும்பினார். வேப்பம்பழம் மாதிரி மஞ்சளாக இருந்ததை நான் யாரையும் கேட்காமல் பத்துப் பதினைந்து தின்றுவிட்டேன். பிசின் பிடித்து இரண்டு உதடும் ஒட்டிக்கொண்டன. வாயைத் திறக்க முடியாமல் மூக்காலேயே அழுதேன். அண்ணி சிரிப்பை அடக்கிக்கொண்டு எண்ணெய் தடவி விட்டார். "இதுக்குப் போயி யாராவது அழுவாங்களா பாப்பா? உருண்டை பிடிச்சுத் தரேன், அது ஒட்டாது" என்றார்.

ஒட்டவில்லைதான். பழத்தைப் பிசைந்து, கொட்டையை எடுத்துவிட்டு, பனைவெல்லப் பாகில் கிளறி, வறுத்த அரிசிமாவு தூவி உருட்டுவார். அதில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு. கீழே விழுந்து கிடக்கும் பழத்தைத்தான் எடுக்க வேண்டும், கிளையிலிருந்து பறிக்கக் கூடாது. "மரமா விடணும் பாப்பா. நாம இழுத்தா பால் விட்டுரும். அப்புறம் எத்தனை வெல்லம் போட்டாலும் திருந்தாது" என்பார். ஒருமுறை அண்ணன் யாரிடமோ பறித்த பழத்தை வாங்கிவந்து பெருமையாக நீட்டினார். அண்ணி ஒரு பழத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, கூடையோடு கொண்டுபோய் மாட்டுக்குக் கொட்டிவிட்டார். அண்ணன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

அந்த அண்ணிக்குத்தான் தொண்டையில் புற்று வந்தது. இந்தப் பங்குனியில் கஞ்சிகூட இறங்குவது பெரும்பாடாகிவிட்டது. வரும் திங்கட்கிழமை வயிற்றில் குழாய் வைத்துவிடலாம், அதற்குப் பிறகு வாய்வழியாக எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று செவ்வாய். சாயங்காலம் அண்ணி என் கையைப் பிடித்து இழுத்தார். குரல் காற்றாகத்தான் வந்தது. "ஒரே ஒரு பாலை உருண்டை தின்னுட்டேன்னா போதும் பாப்பா. அப்புறம் குழாயோ கிழாயோ, வச்சுக்கட்டும்." பழம் சித்திரை பிற்பாதியில்தான் விழும் என்று அவருக்குத் தெரியாதா? எனக்கும்தான் தெரியும். தெரிந்துகொண்டே "ஆகட்டும் அண்ணி" என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் காலை பஸ் ஏறினேன். காட்டுக்குள் இப்போதெல்லாம் விடுவதில்லை. அண்ணியின் தாய்வீட்டுக் கொல்லையை ஒட்டி, புயலுக்குத் தப்பிய ஒரு பாலைமரம் இருந்தது. அதன் அடியில் சருகைத் தவிர ஒன்றுமில்லை. கிளையில் மட்டும் பாதி பச்சையும் பாதி மஞ்சளுமாகக் காய்கள். "இன்னும் ஒரு மாசமாவது ஆவுங்க" என்றார் அண்ணியின் தம்பி. ஒரு மாசத்துக்கு நான் எங்கே போக? அவர் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்லத் துரட்டியை வாங்கி நானே இழுத்துப் போட்டேன். காம்பிலிருந்து வெள்ளையாய்ப் பால் வழிந்து கையெல்லாம் பிசுபிசுத்தது. வீட்டுக்கு வந்ததும் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தேன். சனிக்கிழமை எடுத்துப் பார்த்தால் நல்ல மஞ்சள். மரத்தை ஏமாற்றிவிட்டோம் என்று சந்தோஷப்பட்டேன், பைத்தியக்காரி.

ஞாயிற்றுக்கிழமை உருண்டை பிடித்தேன். சுண்டைக்காய் அளவு கிள்ளி, பாலில் குழைத்து அண்ணி நாக்கில் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டார். முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. வாயைத் திறக்கப் பார்த்தார், முடியவில்லை. ஓடிப்போய் எண்ணெயை எடுத்துவந்து, புண்ணாய் வெடித்திருந்த அந்த உதட்டில் தடவினேன். வலியில் அவர் கண்ணோரம் நீர் இறங்கியது. உதடு பிரிந்ததும் கேட்டார்: "பறிச்சியா?"

"இல்லண்ணி. பொறுக்குனதுதான்."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நல்லாருக்கு பாப்பா" என்றார். பதமாய் வராத உருண்டையை அவர் நல்லாயிருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது. அவர் வாயால் தின்ற கடைசிப் பண்டம் அதுதான்.

குழாயோடு பதினெட்டு நாள் இருந்தார். போன வாரம் பதினாறாம் நாள் காரியம். அவர் தம்பி ஓலைக்கூடையோடு வந்து இறங்கினார். நிறையப் பாலைப்பழம். "எல்லாம் கீழ விழுந்து கெடந்ததுங்க. நேத்துலேருந்துதான் விழ ஆரம்பிச்சிருக்கு" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாய் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம். படையலுக்கு நான்தான் உருண்டை பிடித்தேன். அண்ணி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒன்றை எடுத்து வாயில் போட்டேன். அவர் கைப்பதம் அப்படியே வந்திருந்தது. பழக்கதோஷத்தில் எண்ணெய்க் கிண்ணத்தைப் பக்கத்தில் எடுத்து வைத்திருந்தேன், விரலையும் அதில் தோய்த்து வைத்திருந்தேன். உதடு ஒட்டவே இல்லை.