கை மட்டும் இன்னும் திண்டிவனத்தில்

போன சனிக்கிழமை. விழுப்புரத்தில் ஒரு பள்ளி மைதானம். பெண்கள் கால்பந்து இறுதி ஆட்டம் முடியச் சில நிமிடங்கள்தான் பாக்கி. இரண்டு பக்கமும் கோல் இல்லை. உள்ளூர் அணியின் கோல்கீப்பர் வந்த பந்தைப் பாய்ந்து பிடித்தாள். எழுந்தாள். மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அந்தப் பந்தை மெதுவாக உருட்டி, எதிரணிப் பெண்ணின் காலடியில் கொண்டுபோய்ச் சேர்த்தாள்.

கை தவறவில்லை. வழுக்கவில்லை. கொடுத்தாள்! பந்தியில் அப்பளம் வைப்பதுபோல, அவ்வளவு கரிசனமாக.

எதிரணிப் பெண் ஒரு நொடி பேயறைந்ததுபோல நின்றாள். பிறகு உதைத்தாள். கோல்.

அந்தக் கோல்கீப்பர்... வேறு யார், என் மகள் ஜெனிதான். இல்லாவிட்டால் நான் ஏன் கால்பந்தைப் பற்றி எழுதப் போகிறேன்? இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்குத் தெரியும் — எனக்குத் தெரிந்த ஒரே விளையாட்டு, பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடிப்பது.

நடந்தது இதுதான். ஜெனி பத்தாவது வரை திண்டிவனத்தில் படித்தாள். அங்கேயும் அவள்தான் கோல்கீப்பர். அவள் பந்தைப் பிடித்தவுடன் வலது ஓரத்திலிருந்து "ஜெனி, இங்க!" என்று கத்துவது அவள் தோழி சங்கீதாவின் வேலை. குரல் வந்த பக்கம் பந்தை உருட்டுவது ஜெனியின் வேலை. வருடக்கணக்காக இப்படித்தான். சனிக்கிழமையும் சங்கீதா பழக்கத்தில் கத்திவிட்டாள். ஜெனி பழக்கத்தில் உருட்டிவிட்டாள். இடையில் ஒரு சின்ன மாற்றம் நடந்திருந்ததை இரண்டு பேரும் மறந்துவிட்டார்கள். ஜெனி இந்த வருடம் பிளஸ் ஒன் சேர்ந்தது விழுப்புரத்தில்!

கோல் போட்ட சங்கீதா தலையில் கைவைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். விழுப்புரம் அணியின் கேப்டன் கோமதி உட்காரவில்லை. காணையிலிருந்து டவுன் பஸ்ஸில் வந்து படிக்கிற பெண், கணீரென்ற குரல். நேராகக் கோல் போஸ்ட்டுக்கு வந்தாள்.

"ஏண்டி, சோறு இங்க துன்னுக்கினு வேலை அங்க பாக்கறியா? ஒரு நாளாவது பிராக்டிஸுக்கு நின்னியா? பெல் அடிச்சா ட்ரெயின் புடிக்க ஓடிக்கினு இருந்த. அப்பவே நெனைச்சேன், இது நம்ம ஆளு இல்லன்னு."

பாதி நியாயம். ஜூனில் ஜெனி இங்கே சேர்ந்தபோது எங்களுக்கு இங்கே வீடு கிடைக்கவில்லை. என் ஆபீஸும் விழுப்புரத்தில்தான்; நான் பல வருடங்களாகத் திண்டிவனத்திலிருந்து பாசஞ்சரில் வந்து போகிறவன். அப்பாவும் மகளுமாக சீசன் டிக்கெட் எடுத்துக்கொண்டு போய் வந்தோம். என் மனைவி அமலி நர்ஸ். அவளுக்கும் விழுப்புரத்துக்கு மாற்றல் வந்த பிறகுதான் ஒரு வழியாக வீடு கிடைத்தது. நான் லீவு போட்டு, இந்த ஆட்டத்துக்கு முந்தின வாரம்தான் லாரி வைத்து சாமான்களைக் கொண்டுவந்தோம்.

புது வீட்டை மந்திரிக்கப் பங்குத் தந்தை வந்தார். தீர்த்தம் தெளித்தார். ஜெபம் முடிந்ததும் டீ போட்டது நான். திண்டிவனத்துச் சமையலறையில் அடுப்புக்கு வலது பக்கம் சர்க்கரை டப்பா, இடது பக்கம் உப்பு டப்பா. இரண்டும் ஒரே மாதிரி எவர்சில்வர். இங்கே அமலி இடத்தை மாற்றி வைத்திருக்கிறாள் என்பது என் கைக்குத் தெரியாது. ஃபாதர் ஒரு வாய் குடித்தார். சுவரில் சிலுவையோடு மாட்டியிருந்த பாடுபட்ட சுரூபத்தைப் பார்த்தார். பார்வையை எடுக்காமல் மீதியையும் குடித்து முடித்தார். சிலுவைப் பாதையில் நிற்பவரைப்போல அவர் முகம் ஏன் அப்படி ஆனது என்று நான் குடித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது.

சரி, மைதானத்துக்கு வருவோம். கோமதி கத்தி முடித்தாள். பரிசு கொடுத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். திரும்பிப் பார்க்கிறேன் — ஜெனி இல்லை.

பாத்ரூமில் இல்லை. வகுப்பறைகளில் இல்லை. புது வீட்டுக்கு ஓடினேன், பூட்டிக் கிடந்தது; அமலிக்கு டியூட்டி. அவளிடம் செல்போன் கிடையாது. பிளஸ் டூ முடியும்வரை கூடாது என்று சட்டம் போட்டது யார்? நான்தான். பெருமையாக இந்தப் பக்கத்தில் எழுதியும் இருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் தேடினேன். கோயில், சர்ச், கடைத்தெரு... கடைசியில் ஜங்ஷன். ஓவர்பிரிட்ஜில் நின்று கீழே பார்த்தேன். விழுப்புரம் ஜங்ஷனில் எத்தனை தண்டவாளங்கள்! இத்தனை வருடம் தினம் தாண்டிப் போயிருக்கிறேன். அவற்றை அப்படிப் பார்த்ததே இல்லை. இந்த ஒரு பத்தியில் ஜோக் அடிக்க முடியவில்லை, மன்னியுங்கள்.

போன் அடித்தது. திண்டிவனத்திலிருந்து பழைய ஹவுஸ் ஓனர்.

"சார், ஒங்க பொண்ணு இங்க வந்துக்கீது சார். நம்ம வூட்டுல. ஆனா ஒண்ணு சார், வூட்ட வேற ஆளுக்கு வுட்டாச்சு. திருப்பிக் கேக்க அனுப்புனீங்கன்னா, முடியாது சார்."

அந்த மனுஷனை நான் ஜென்மத்தில் இவ்வளவு நேசித்ததில்லை.

அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பழைய வீட்டு வாசலில் ஜெனியின் ஷூ, அவள் எப்போதும் கழற்றிப் போடும் அதே மூலையில், ஒன்று குப்புற ஒன்று மல்லாக்க. உள்ளே புதிதாகக் குடிவந்த பெண் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஜெனி, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைச் சட்னியில் தோசையைப் பிரட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க சார்," என்றார் அந்தப் பெண், சிரிப்பை அடக்கியபடி. "கதவு தொறந்து இருந்துச்சு. நேரா உள்ள வந்திச்சு. பைய மாட்டுச்சு. பிரிட்ஜ தொறந்து தண்ணி குடிச்சிச்சு. நான் வெலவெலத்துப் போயி, 'யாரும்மா நீ?'ன்னு கேட்டேன். அது என்னைப் பாத்து, 'நீங்க யாரு?'ன்னு கேக்குது!"

"நம்ம பிரிட்ஜ் இல்லன்னு தெரியலியாடி?" என்று கேட்டேன். என்ன கேட்பது என்று தெரியாதபோது இப்படித்தான் எதையாவது கேட்டுவைப்பேன்.

"தெரியலப்பா. ஸ்டேஷன் பக்கம் போனேன். பாசஞ்சர் நின்னுக்கினு இருந்துச்சு. ஏறிட்டேன். அழுதுக்கினே வந்தேனா, தண்ணி குடிச்ச அப்புறம்தான் இது நம்ம வீடு இல்லன்னே தோணுச்சு."

வீட்டை விட்டு ஓடிப்போகவில்லை. என் பெண் வீட்டுக்குத்தான் போயிருக்கிறாள். வீடுதான் அங்கே இல்லை.

கிளம்பும்போது கவனித்தேன். சமையலறை ஜன்னலில் அவளுடைய கோல்கீப்பர் கிளவுஸ். எடுக்கப் போனேன்.

"அது இங்கயே இருக்கட்டும்," என்றாள். "இனிமே எனக்கு வேணாம்."

"எடுத்து வைக்கிறேன் பாப்பா, அப்புறமா வாங்கிக்கோ," என்றார் அந்தப் பெண். ஜெனி காதில் வாங்காமல் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தாள்.

பஸ்ஸில் அவள் பேசியது ஒரே ஒரு விஷயம். சங்கீதா வீட்டில் தங்கி, திண்டிவனத்திலேயே படிக்கிறாளாம். அவள் அம்மா சரி என்பாராம். "கோமதி சொன்னது கரெக்ட்தாம்பா. நான் அவங்க ஆளு இல்ல." நான் கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஊர்ப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். முடியாது என்று ஒரு வார்த்தை சொல்ல ஒரு தகப்பனுக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? எனக்கு விழுப்புரம் வரை போதவில்லை. காலையில் தொலைத்த பெண்ணிடம் மாலையில் கறாராகப் பேசத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கோழிக் குழம்பு வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொண்டேன். கவலை வந்தால் நான் சமைப்பேன். அதனால் வீட்டில் எல்லோருக்கும் கவலை வரும். ஜெனி அறைக்குள் படுத்திருந்தாள். நாளைக்குப் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அறிவித்திருந்தாள்.

குழம்பு கொதிக்கும்போது வாசலில் சைக்கிள் பெல். கோமதி! கூட இன்னும் இரண்டு பெண்கள், அதே அணி. நான் கரண்டியோடு வாசலுக்குப் போனேன்.

"அங்கிள், ஜெனியோட ஜெர்சி வேணும். ஸ்கூல் ஜெர்சி. எல்லாத்தையும் தொவைச்சு நாளைக்கு மாஸ்டர்கிட்ட குடுக்கணும்."

"உள்ள வாங்கம்மா."

"இல்ல அங்கிள். ஜெர்சி மட்டும் குடுங்க, போயிடறோம்."

அமலி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். வார்டில் மருந்து சாப்பிட மறுக்கும் நோயாளிகளிடம் பேசும் அதே குரலில், "சாப்பாட்டு நேரத்துல வந்துட்டு வாசல்ல நின்னா என்னா அர்த்தம்? கை கழுவுங்க," என்றாள். மூன்று பேரும் கை கழுவினார்கள். அந்தக் குரலுக்கு நானே கழுவுவேன்.

ஜெனியை எழுப்பிப் பரிமாறச் சொன்னாள் அமலி. ஜெனி முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கோமதி முதல் வாய் எடுத்து வைத்தாள். மெல்வதை நிறுத்தினாள். பக்கத்துப் பெண்ணைப் பார்த்தாள். அந்தப் பெண் தரையைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி," என்றாள் கோமதி மெதுவாக. "உங்க பக்கத்துல கோழிக் கொழம்புல வெல்லம் போடுவாங்களா?"

அமலி என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். உப்பு இருக்க வேண்டிய பக்கம்... ஆம். சர்க்கரை. தாராளமாக, கை நிறைய.

"ஏங்க, ஒரு வாரமா அந்த டப்பா அங்கதான் இருக்கு!"

அப்போதுதான் ஜெனி வாய் திறந்தாள்.

"எங்கப்பாவும் என்ன மாதிரிதாண்டி. ஆளு வந்துட்டாரு. கை இன்னும் திண்டிவனத்துல இருக்குது."

கோமதி ஒரு கணம் முறைத்தாள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தாள். சோறு புரை ஏறி, பக்கத்துப் பெண் தலையில் தட்ட, மூன்று பேரும் சிரிக்க ஆரம்பித்தார்கள். அமலி குழம்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, உப்பும் மிளகாய்த்தூளும் எலுமிச்சையும் போட்டு ஒரு வழிக்குக் கொண்டுவந்தாள். ஜெனி இரண்டாவது முறை கரண்டியோடு வந்தபோது கோமதி தட்டை நீட்டினாள்.

"கறியையாவது நம்ம டீமுக்குப் போடுடி. அதையும் சங்கீதாவுக்குக் குடுத்துட்டு வந்துடாத."

நம்ம டீம். நான் அந்த வார்த்தையைக் கவனித்தேன். ஜெனி கவனித்தாளா என்று தெரியவில்லை. கால் எலும்பு ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள்.

கிளம்பும்போது கோமதி ஜெர்சியைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டே, "நாளன்னிக்கு பிராக்டிஸ். வர்றியா, இல்லியா?" என்றாள்.

"என்கிட்ட கிளவுஸ் இல்ல."

"எங்க போச்சு?"

ஜெனி கோமதியின் பையை வாங்கி ஜிப்பை இழுத்து மூடினாள். சைக்கிள்கள் போய்விட்டன. அவள் மறுபடி அறைக்குள் போய்விட்டாள். சங்கீதா வீட்டுப் பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை, கைவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. திங்கட்கிழமை காலை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, யாரையும் பார்க்காமல் பள்ளிக்கூடம் கிளம்பிப் போனாள். போனாளே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு மாறுவது லேசில்லை, வாசகர்களே. பீரோவை ஏற்றலாம், கட்டிலைக் கழற்றி ஏற்றலாம். துளசித் தொட்டி, மாதா சுரூபம், ஓடாத மிக்ஸி எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடலாம். கையும் காலும் மட்டும் தனியாக, தமக்குப் பிடித்த நேரத்தில்தான் வந்து சேரும். அதுவரை அவற்றைத் திட்டிப் பயனில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்கு இதைப் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை லீவு முடிந்து ஆபீஸ் போன நாள் முழுக்க, ஃபைல்களுக்கு நடுவே, இந்த வாக்கியங்களை மனதுக்குள் நகாசு செய்துகொண்டிருந்தேன். சாயங்காலமும் அதே யோசனைதான். போன் அடித்தபோதுதான் நிமிர்ந்தேன்.

"அப்பா, எங்க இருக்க?" அமலியின் போனிலிருந்து ஜெனி. "ஆபீஸ் விட்டு எவ்வளவு நேரம் ஆச்சு? அம்மா கேக்குது."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். கரும்புத் தோட்டம் ஓடிக்கொண்டிருந்தது. எதிர் சீட்டில் என் பழைய பாசஞ்சர் தோழர்கள் சீட்டுக்கட்டைக் கலைத்துக்கொண்டிருந்தார்கள்.

"முண்டியம்பாக்கம் தாண்டிட்டேம்மா," என்றேன்.

அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற மூச்சு.

"சரி, எறங்கிடாதப்பா. போறதுதான் போற... அந்த ஆன்ட்டிகிட்ட என் கிளவுஸ வாங்கிக்கினு வந்துடு. நாளைக்கு பிராக்டிஸ் இருக்குது."

திண்டிவனம் வரைக்கும் போனேன். ஷூவை வாசலிலேயே கழற்றிவிட்டு, கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.