ஹெலன் அம்மா வீட்டில் என் பெயர்

இந்த நாட்டில் வேலை முடிந்தால் வெறுங்கையோடு வெளியே வந்துவிட வேண்டும். எனக்கு இன்னும் அது பழகவில்லை. குளியலறைத் தரைக்கு டைல் ஒட்டி, இடுக்கெல்லாம் அடைத்து, துடைத்துவிட்டு, சாவியை வாசல் பெட்டிக்குள் போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டும். ஊரில், கணபதிப் பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் நான் இருந்தபோது அப்படி இல்லை. தோட்டத்துக்காரர்கள் புகைந்துபோன மோட்டாரை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். சரிசெய்து ஓட்டிக் காட்டுவோம். கூலி வராவிட்டால் எங்கள் முதலாளி கோபப்பட மாட்டார். "மெதுவா குடுங்க, மோட்டாரு எங்க போயிருது, இங்கதானுங்க கெடக்குது" என்று சிரிப்பார். காசு வரும்வரை மோட்டார் பட்டறையிலேயே கிடக்கும். கொடுக்க வேண்டியவரும் வாங்க வேண்டியவரும் நேருக்கு நேர் நிற்கிற விஷயம் அது. ஒட்டிய டைலை அப்படிப் பிடித்து வைக்க முடியாதல்லவா? அதற்காக இங்கே லீன் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். கூலி வராதவன், தான் வேலை செய்த வீட்டின் பத்திரப் பதிவில் தன் பெயரை ஏற்றிவிடலாம். அது தீரும்வரை வீட்டை வாங்க யாரும் துணிய மாட்டார்கள். நம் ஊரில் வில்லங்கம் என்போமே, அதேதான்.

கயல், போன வாரம் சாப்பிடும்போது நீ கேட்டாய்: "அந்தம்மா தெனமும் காப்பி போட்டுக் குடுத்தாங்கன்னு சொன்னீங்கல்ல, அப்புறம் ஏம்ப்பா அவங்க வீட்டைப் புடிச்சு வெச்சிருக்கீங்க?" உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்ல முடியாததை உனக்கும் தம்பிக்குமாக எழுதுகிறேன். நம் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வர நினைப்பவர்களும் படிக்கட்டும்.

ஹெலன் அம்மா தனியாக இருப்பவர். கண் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. வீட்டைப் புதுப்பித்து விற்றுவிட்டு, மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட வேண்டும் என்பது அவர் எண்ணம். வேலையை ஒட்டுமொத்தமாக எடுத்தவர் மூர்த்தி, ஈரோட்டுப் பக்கத்துக்காரர். டைல் வேலையை எனக்குக் கொடுத்தார். ஊர்க்காரர் என்பதால் நான் எழுத்தில் எதுவும் கேட்கவில்லை. டைலைக்கூட என் கார்டில்தான் வாங்கிப் போட்டேன். ஹெலன் அம்மா முழுப் பணத்தையும் மூர்த்தியிடம் கொடுத்துவிட்டார். எனக்கு வரவில்லை. கேட்டபோது, "ஏனுங்க மாப்ள, புள்ளைக்குக் காதுகுத்து வெச்சிருக்கறன். அது முடியட்டும், மொத்தமா செட்டில் பண்ணிப்போடறன்" என்றார்.

விசேஷ வீட்டுக்காரரிடம் காசு கேட்டு நிற்பது நம் பக்கத்தில் வழக்கமில்லை. லீன் போட ஒரு கெடு உண்டு, வேலை முடிந்த நாளிலிருந்து அது ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தும் பொறுத்திருந்தேன். வாடகை மண்டபத்தில் நடந்த காதுகுத்துக்கு நாம் எல்லோரும் போனோம். மூர்த்தி என் இலைக்குப் பக்கத்தில் நின்று, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம் என்று பாயசம் ஊற்றச் சொன்னார். எழுந்து கை கழுவிவிட்டுப் போய் மொய் எழுதினேன். அதற்குப் பிறகு அவர் போனை எடுக்கவில்லை. கம்பெனியை மூடிவிட்டார், ஆளும் வேறு மாகாணத்துக்குப் போய்விட்டார் என்று தெரிந்தது. உன் அம்மா அன்றைக்குச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "வேலையுஞ் செஞ்சு குடுத்துப்போட்டு, மொய்யும் எழுதிப்போட்டு வந்தீங்க. ஒரு மாலையும் வாங்கிப் போட்டிருந்தா நல்லாருந்திருக்குமுங்க."

கெடு முடியப்போகிற நேரத்தில் வக்கீலிடம் ஓடினேன். மூர்த்தியிடமிருந்து இனி எதுவும் பெயராது, வீட்டின் மேல்தான் போட முடியும் என்றார். வேலை முடிந்ததும், என்னைப் போன்றவர்களின் கூலிக்காகக் கொஞ்சம் பணத்தை அந்தம்மா நிறுத்தி வைத்திருக்க வேண்டுமாம். அவருக்கு அதை யார் சொல்லியிருப்பார்கள்? உன் காலேஜ் ஃபீஸ் முழுக்க அந்தக் கூலியில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்டேன்.

ஹெலன் அம்மா போன் செய்தார். கத்தவில்லை. "ஐ பெய்ட் எவ்ரிதிங், குமார்" என்று மறுபடியும் மறுபடியும் சொன்னார். முகத்திலடித்தாற்போல முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம்ங்க என்று ஊரில் சொல்வோமே, அப்படித்தான் "ஐ வில் ஸீ, மேடம்" என்றேன். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அவரோ தேங்க் யூ சொன்னார். லீனை எடுத்துவிடுவேன் என்று நம்பி, வீடு வாங்க வந்தவரிடமும் அப்படியே சொல்லிவிட்டார். வந்தவர் கொஞ்ச நாள் பார்த்துவிட்டு வேறு வீடு வாங்கிக்கொண்டார். வழக்கு நடக்கிறது. லீனை எடுத்துவிட்டால் நமக்கு வேறு வழியில்லை. நான் எடுக்கவில்லை.

இங்கே வருவதற்காக அன்னூர்ப் பக்கம் இருந்த நம் பூமியை விற்றேன். வாங்க வந்தவர் வில்லங்கச் சான்றை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சுத்தமான பூமிங்க, ஒரு சிக்கலும் இல்லீங்க" என்றார். அன்றைக்கு எனக்கு அவ்வளவு பெருமை. அந்த மண்ணிலிருந்து என் பெயர் போயிற்று. இங்கே நாம் வாடகைக்கு இருக்கிறோம்.

நேற்று வேலை முடிந்து அந்தத் தெரு வழியாகத்தான் வந்தேன். விற்பனைப் பலகை பாதிவரை பனியில் புதைந்து நிற்கிறது. சமையலறை ஜன்னலில் விளக்கு எரிந்தது. வண்டியை நிறுத்தவில்லை. இரண்டு நாட்டிலும் சேர்த்து, இன்றைக்கு என் பெயர் ஏறியிருக்கிற மண் அது ஒன்றுதான்.