பழவங்காடியில் ஒரு காலிப் பட்டை

காலை ஆறே முக்காலுக்குப் பழவங்காடி கணபதி கோயில் முன்னால் நான் முதலில் பார்த்தது, என் கையிலிருந்த கயிற்றின் நுனியில் தொங்கிய காலிக் கழுத்துப் பட்டையை. யாரோ எறிந்து உடைத்த வேண்டுதல் தேங்காயின் சத்தத்தில் மிரண்டு, எங்கள் கிரேஹவுண்ட் நாய் மீனு தன் ஒல்லித் தலையை உருவிக்கொண்டு ஓடிவிட்டாள். சாலையின் நடுத்திட்டில் நடுங்கி நின்றாள். இருபுறமும் பேருந்துகள்.

“சாரே, ஓடிப் பிடிச்சோ,” என்றார் ஓர் ஆட்டோக்காரர்.

ஓடப்போன என் சட்டையை மனைவி பிடித்தாள். “துரத்தினா இன்னும் ஓடுவா, கேட்டேளா? ஆத்துல பழக்கின மாதிரி பதுக்க, மெள்ள உட்காருங்கோ.”

வீட்டில் அவள் தினமும் பட்டையை வளையமாக விரித்து, அதற்கு அப்பால் தேங்காய்த் துண்டைக் காட்டுவாள். மீனு தானாகத் தலையை நுழைத்தால் துண்டு கிடைக்கும், அதட்டலே கிடையாது. “சர்க்கஸுக்கா அனுப்பப்போறே?” என்று கேலி செய்திருக்கிறேன்.

மனைவி பையிலிருந்து ஒரு துண்டைத் தந்தாள். நடைபாதையில் உட்கார்ந்து வளையத்தை விரித்தேன். ஒரு பேருந்து குறுக்கே கடந்தது. அது போனபோது திட்டில் மீனு இல்லை.

என் மணிக்கட்டில் ஈர மூக்கு பட்டது. தலை வளையத்துக்குள் வந்தது. பட்டையை இறுக்கினேன்.

வீட்டு வாசலில் மூடியிருந்த விரல்களை விரித்தபோது, மீனுவுக்குக் காட்டவே மறந்த தேங்காய்த் துண்டு அப்படியே இருந்தது.