எட்டாவது வரிசையின் கோணல் பூ

2009-ஆம் ஆண்டு. ஆடி முடிந்து, முகூர்த்தச் சேலைகளுக்கு அவசரம் பிறந்திருந்த நேரம். ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டில் எங்கள் வீட்டில் ஒரே ஒரு தறி. என் கணவர் பட்டு நெய்வார். நான் நூல் சுற்றித் தருவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்ட நான், எல்லாவற்றுக்கும் கவலைப்படுவதில் மட்டும் யாருக்கும் சளைத்தவள் இல்லை.

அன்று காலை எட்டரைக்கு மண்ணெண்ணெய் வாங்க ரேஷன் கடைக்குக் கிளம்பினேன். அவர் நெய்துகொண்டிருந்த சேலையில் மூன்று அங்குலத்துக்கு ஒரு வரிசை ஜரிகைப் பூ விழும். வழக்கம்போல, "எத்தினி வரிசை ஆச்சு?" என்று கேட்டேன்.

"மூணு. நீ கேட்டுகினே இரு, தானா முப்பதாயிடும்" என்றார்.

கடை வரிசையில் நின்று திரும்பும்போது மணி பன்னிரண்டை நெருங்கியிருந்தது. தறிச் சத்தம் இல்லை. தறிக்குழியில் உட்கார்ந்தபடியே வலப்பக்கம் சாய்ந்திருந்தார். வாய் கோணியிருந்தது. வலது கை துவண்டு கிடந்தது. என்னைப் பார்த்து என்னவோ சொல்ல வந்தார், சொல்லே வரவில்லை.

கூட்டம் கூடிவிட்டது. புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றார் ஒருவர். பக்கத்து வீட்டில் தறி நெய்யும் தம்பிதான், "நீ புறாவைப் புடிச்சுகினு வர்றதுக்குள்ள அவங்க வேலூருக்கே பூடுவாங்க" என்று அவரை அதட்டிவிட்டு வாடகைக் கார் பிடித்துக் கொடுத்தார்.

வழியில், கண்ணமங்கலம் தாண்டியதும் டிரைவர் சொன்னார்: "எப்ப ஆச்சுன்னு கேட்டா, இப்பதான்னு சொல்லுக்கா. நேரமாச்சுன்னா கையை விரிச்சுடுவாங்க." அது என் மனதில் ஒட்டிக்கொண்டது.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவரைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், ஒரு பேனாவைக் காட்டி இது என்ன என்றார். சாகக் கிடக்கிறவரிடம் பேனாவைக் காட்டி என்ன விளையாட்டு என்று எனக்குப் புரியவில்லை. உடனே தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அது முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"கடைசியா அவர் நல்லா இருந்ததை எப்பம்மா பார்த்தீங்க?"

"பதினொன்னரைக்குங்க" என்றேன்.

"பேசினாரா? என்ன பேசினார்?"

நான் டிரைவர் இருக்கிறாரா என்று வாசலைப் பார்த்தேன். டாக்டர் கோபப்படவில்லை. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கிறது, அதைக் கரைக்க ஊசி இருக்கிறது, ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்றார். "தாண்டிப்போய் போட்டா மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சு உயிருக்கே ஆபத்தாகலாம்மா. அதான் கேட்கிறேன்."

என் பொய்யே அவரைக் கொன்றிருக்கும். அழுதுகொண்டே உண்மையைச் சொன்னேன். "பார்க்கலைங்க. எட்டரைக்கு வெளிய பூட்டேன். எப்ப ஆச்சுன்னு தெரியாதுங்க."

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐம்பது. எட்டரையிலிருந்து கணக்கிட்டால் ஒரு மணிக்கே கெடு முடிந்துவிட்டது. "அதுக்கப்புறம் வேற யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். யாரும் இல்லையே என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்குத் தறி ஞாபகம் வந்தது.

பக்கத்து வீட்டுத் தம்பிக்கு போன் போட்டேன். "அக்கா, கடைசி வரிசை கெட்டுப் போயிருக்கு. பிரிச்சு எடுத்துட்டா சேலை தப்பிச்சுக்கும்னு இப்பதான் உட்கார்ந்தேன்" என்றார். பிசகினால் உடனே பிரிப்பதுதானே நெசவாளி வழக்கம்!

"கையை எடு! ஒரு இழையைத் தொடாதே!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். "எத்தினி வரிசை நல்லா இருக்கு?"

"ஏழு வரிசை அச்சு மாதிரி இருக்குதுக்கா. எட்டாவதுலதான் பூ கோணிக்கினு, இழை தொளதொளன்னு கிடக்குது."

எட்டரைக்கு மூன்று வரிசைதான் ஆகியிருந்தது என்று நான் சொன்னதும் டாக்டர் போனை வாங்கி, தம்பியிடமும் என்னிடமும் மாற்றி மாற்றிக் கேட்டார். ஒரு வரிசைக்கு எவ்வளவு நேரம்? அரை மணி. மிக வேகமாக நெய்தால்? இருபத்தைந்து நிமிடம், அதற்கும் கீழே போனால் ஜரிகை அறுந்துவிடும். வலது கையில் வலு இல்லாமல் இப்படி நெய்ய முடியுமா? ஒரு அங்குலம்கூட முடியாது. நான் போன பிறகு நாலு வரிசை. எப்படிக் குறைத்துப் பார்த்தாலும் பத்து மணி வரைக்கும் அவர் நன்றாக இருந்திருக்கிறார். அப்படியானால் கெடு இரண்டரை வரை.

பெரிய டாக்டரிடம் கலந்துபேசி, ஆபத்து எது என்று மறுபடியும் விளக்கி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, இரண்டேகாலுக்கு ஊசி போட்டார்கள். அந்த இளம் டாக்டர் போகும்போது, "ஒரு தறியை விசாரிச்சது இதுதான் முதல் தடவை" என்றார்.

மறுநாள் வலது கை மெல்ல அசைந்தது. மூன்றாம் நாள் குழறிக் குழறி, "மண்ணெண்ணெய் கிடைச்சுதா?" என்று கேட்டார். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை. விரல்கள் பழைய வேகத்துக்கு வரவில்லை, ஆனால் வேலை பார்க்கிறார். எத்தனை வரிசை என்று நான் கேட்டால் இப்போது கிண்டல் செய்யாமல் பதில் சொல்கிறார்.

இன்றைக்கும் பயத்தில் ஒரு பொய் என் நாக்கு நுனிவரை வரும்போதெல்லாம் அந்த எட்டாவது வரிசையின் கோணல் பூ கண்ணுக்குள் தெரிகிறது. தெரியாது என்று நான் ஒப்புக்கொண்ட பிறகுதானே அதை எண்ணிப் பார்க்கவே எனக்குத் தோன்றியது!