வாசலில் நின்று பார்த்த ஹால்

1. சாம்பல் அட்டை

சாம்பல் நிறச் சுவர் எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் இன்டீரியர் வேலை செய்து தலை நரைத்துவிட்டது. இப்போதெல்லாம் வருகிறவர்களில் பாதிப்பேர் போனை நீட்டி, ஹாலுக்கு இந்த கிரேதான் வேண்டும் என்கிறார்கள். சாம்பலில் ஆயிரம் சாம்பல் இருக்கிறது. கடையில் அழகாகத் தெரிந்தது சுவருக்கு வந்ததும் நீலம் பூக்கும், சாயங்காலம் ஊதாவாகும், வெள்ளை டியூப்லைட் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தாவாகிவிடும். இதை எல்லாரிடமும் சொல்வேன். யாரும் கேட்க மாட்டார்கள்.

தினேஷும் அப்படித்தான் வந்தான். கடலுக்கு அக்கரையில் பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். அப்பா அம்மாவோடு சுங்கை பினாங் அடுக்குமாடி பிளாட்டில் இருந்தான். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற அப்பா, தன் சேமிப்பை எடுத்துப் பத்து காவானில் ஒரு அபார்ட்மென்ட் வாங்கியிருந்தார். மகன் தினமும் மோட்டர் சைக்கிளில் கடல் பாலத்தைத் தாண்டிப் போய்வரும் தொல்லை தீரட்டும் என்றுதான் வாங்கினார். உள்ளே அழகுபடுத்துவது மகன் பொறுப்பு.

வயதானவர்கள் இருக்கப் போகும் வீட்டுக்கு எதற்குப்பா சாம்பல், நல்ல கிரீம் கலர் அடிக்கலாமே என்றேன். அவன் சிரித்தான்.

"அம்மா கலர் கலரா பொடவ கட்டுவாங்கக்கா. எங்க பிளாட்டுல செவுரு பச்ச, கர்ட்டன்ல பூவு, அலமாரி செவப்பு. அதுக்கு நடுவுல அவங்க ஒக்காந்தா ஆளே தெரியாதுலா. பின்னால செவுரு சும்மா இருந்தா அவங்க நல்லா தெரிவாங்க."

இத்தனை வருடத்தில் சாம்பலுக்கு ஒரு நல்ல காரணம் சொன்ன ஆள் அவன் ஒருவன்தான். வாயை மூடிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நிறத்தை நேரே சுவரில் பூசிப் பார்க்காதீர்கள். பெரிய அட்டையில் இரண்டு கோட் அடித்து, அதை ஒவ்வொரு சுவரிலும் சாய்த்து வைத்து, காலையிலும் மத்தியானத்திலும் விளக்குப் போட்ட பிறகும் பாருங்கள். தினேஷ் வேலை முடிந்து யூனிஃபார்மோடு வந்து அட்டையைத் தூக்கிக்கொண்டு ஹாலைச் சுற்றுவான். நான் சோர்ந்துபோய் ஜன்னல் திண்டில் உட்கார்ந்துவிடுவேன். கடைசியில் லேசாகப் பழுப்பு கலந்த ஒரு சாம்பல் அகப்பட்டது. எந்த வெளிச்சத்திலும் அது சாம்பலாகவே இருந்தது. பளபளப்பில்லாத ஃபினிஷ், மஞ்சள் வெளிச்சம் தரும் டவுன்லைட், வெளிர் மரத்தில் டிவி கேபினெட், சுவரை ஒட்டி ஒரு நீள சோபா.

அவன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வேலை முழுக்க முடியும்வரை அம்மாவுக்குக் காட்டக் கூடாது. தை மாதம் நல்ல நாள் பார்த்து, பால் காய்ச்சி, அம்மா வலது காலை வைத்து வரும்போதுதான் முதல் தடவையாகப் பார்க்க வேண்டும். எனக்கும் அது பிடித்திருந்தது. மூடி வைத்துத் திறந்து காட்டுவதில் எங்கள் தொழிலில் எல்லாருக்கும் ஒரு ஆசை உண்டு.

2. சாவி என்னிடம்

சோபா வந்து இறங்கிய அடுத்த வாரம் அவன் பாலத்தில் இறந்துபோனான். நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்குத் திரும்பும்போது விபத்து. சாவு வீட்டில் நான் நின்றபோது பத்து காவான் வீட்டின் சாவி என் கைப்பைக்குள் இருந்தது. அதை யாரிடம், எப்போது, என்ன சொல்லிக் கொடுப்பது என்று தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு சுங்கை பினாங் பிளாட்டுக்குப் போனேன். தினேஷின் அம்மா சரோஜா ஆன்ட்டி சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. திதி முடியாமல் பால் காய்ச்ச முடியாது, ஒரு வருடத்துக்கு வீடு பூட்டித்தான் கிடக்கும் என்றார். ஆனால் பினாங்கு ஈரக்காற்றில் பூட்டிய வீட்டுச் சுவர் பூசணம் பிடித்துவிடும் என்று மகன் சொல்லியிருக்கிறான். நீங்களே வைத்திருந்து மாதம் ஒரு தடவை ஜன்னலைத் திறந்துவிடுங்கள், உங்கள் காடியில் ஏறி நானும் வருகிறேன் என்றார்.

அப்படித்தான் மாதாமாதம் போனோம். நான் கதவைத் திறந்து உள்ளே போவேன். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியே நடைபாதையில் நிற்பார். பால் காய்ச்சாத வீட்டின் வாசற்படியைத் தாண்ட மாட்டார். நான் ஜன்னல்களைத் திறந்து, விசிறியைச் சுழலவிட்டு, சோபாவை நகர்த்தி அதன் பின்னால் துடைத்து முடிக்கும்வரை அங்கேயே நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். வாசலிலிருந்து பார்த்தால் ஒரு சுவரும், பிளாஸ்டிக் சுற்றிய சோபாவில் பாதியும்தான் தெரியும். மீதியை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொள்வார்.

எனக்கு மனது தாங்காமல் ஒருமுறை, ஒரு நிமிடம் வந்து உட்காருங்கள் ஆன்ட்டி, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"எனக்குத் தெரியும்லம்மா" என்றார்.

இன்னொரு முறை, இது ஏன் இப்படிச் சாம்பல் கொட்டின மாதிரி இருக்கிறது, தம்பிக்கு வேறு கலரே கிடைக்கவில்லையா என்று கேட்டார். மகனைத் தம்பி என்றுதான் சொல்வார். அவன் சொன்ன காரணத்தைச் சொன்னேன். அவர் குனிந்து தன் புடவையைப் பார்த்தார். அன்று அவர் கட்டியிருந்தது வெளுத்துப்போன ஒரு புடவை. சாவுக்குப் பிறகு அவர் நிறமாக எதையும் உடுத்தி நான் பார்க்கவில்லை.

அவருக்கு வேண்டியது ஒன்றுதான். திதி முடிய வேண்டும், பால் காய்ச்ச வேண்டும், மகன் தனக்காகச் செய்த ஹாலில் உட்கார வேண்டும். அந்த ஒரு நாளுக்காகவே அவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்துகொண்டிருக்கிறார் என்று நான் நினைத்தேன்.

3. வேற்றாள் வீடு

அவர் சரியாகச் சாப்பிடுவதே இல்லை என்பதை அவருடைய கணவர் போனில் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திதிக்குச் சில வாரங்களே இருந்தன. வீட்டை விற்றுவிட்டதாகச் சொன்னார். இவ்வளவு நாள் பொறுத்தீர்களே அங்கிள், இன்னும் கொஞ்சம் பொறுக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"நீங்க நல்ல மனசோடதான் கூட்டிட்டுப் போறீங்க. ஆனா திரும்பி வந்தா ரெண்டு மூணு நாளைக்கு அவ சோறு திங்கறதில்ல. அங்க போய்க் குடியிருந்தா செத்துருவாம்மா. என்னாலயும் அந்தப் பாலத்த தாண்ட முடியல."

போனை வைத்துவிட்டு மேசை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். பூசணம் வராமல் நான் அவ்வளவு அக்கறையாகக் காத்தது வெறும் சுவரை.

வாங்கியவர்கள் ஒரு இளம் தம்பதி. சோபாவையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள். சாம்பல் மட்டும் வேண்டாம், முழுக்க வெள்ளை அடித்துத் தாருங்கள் என்று அந்த வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள். வேறு யாரோ வந்து அடிப்பதைவிட நானே ஆள் வைத்து அடித்துவிடலாம் என்று ஒப்புக்கொண்டேன். பெயிண்டர் வருவதற்கு முதல் நாள் ஆன்ட்டி கூப்பிட்டு, கடைசியாக ஒருமுறை கூட்டிப் போகச் சொன்னார்.

பிளாட்டுக்குக் கீழே காடியை நிறுத்திக் காத்திருந்தேன். மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை வைத்த பட்டுப் புடவை கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

நான் கதவைத் திறந்தேன். வழக்கம்போல அவர் வெளியே நிற்பார் என்று நினைத்து ஜன்னல் பக்கம் போனேன். திரும்பிப் பார்த்தால், குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாக உள்ளே வந்தார். எந்தக் காலை முதலில் வைக்கிறோம் என்று அவர் பார்க்கவில்லை.

"இது இப்ப வேத்தாளு வீடு. நான் வரலாம்" என்றார்.

சோபாவின் பிளாஸ்டிக்கை நான் உருவிப் போட்டேன். அவர் ஹால் முழுவதையும் ஒருமுறை சுற்றி வந்தார். வாசலிலிருந்து தெரியாத சுவர்களை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். அப்புறம் சோபாவின் நடுவில் உட்கார்ந்து, முந்தானையைச் சரி செய்து, கைகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் டவுன்லைட்டைப் போட்டேன்.

"நல்லா தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

தெரிந்தது. அந்த ஹாலில் வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. இத்தனை வருட வேலையில் நிறம் தேர்ந்தெடுப்பதில் என்னை மிஞ்சிய அந்தப் பிள்ளை அதைப் பார்க்க அங்கே இல்லை. தெரியுது ஆன்ட்டி என்றேன். என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அவர் அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, தான் உட்கார்ந்த இடத்தில் விழுந்திருந்த மடிப்பைக் கையால் நீவிவிட்டு, போகலாம் என்றார்.

மறுநாள் பெயிண்டர் வந்தார். வெள்ளை இரண்டு கோட் அடித்தும் அடியில் சாம்பல் தெரிந்தது. மூன்றாவது கோட் அடிக்கச் சொன்னேன்.

இப்போது ஒரு வீட்டு வேலையை எடுத்தால், அங்கே வாழப்போகிறவர் முதல் வாரமே வந்தாக வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சிமெண்ட் தூசி இருக்கட்டும், வயர் தொங்கட்டும். பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அவரை அதில் உட்கார வைப்பேன். எல்லாம் முடிந்த பிறகு அம்மாவுக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று போன மாதம்கூட ஒருவர் சொன்னார். அந்த வேலையை நான் எடுக்கவில்லை.